ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த படம்

மகனே,

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய். கோபமும் உண்டு. ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். உன் பேச்சுக்கு ஈடு கொடுக்க எனக்குப் படிப்பு இல்லை. எழுத்து என்றால் நடுவில் நீ குறுக்கே வர முடியாது. நாலு நாளாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருக்கும். எதிரே பெரிய வீடு தெரிகிறது. அதன் பக்கவாட்டில் அந்த அறைக் கதவும் தெரிகிறது. அதில் இப்போது வேறு யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நீ கேட்டது இதுதான். உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது. பிழைக்க வந்து பழைய தெருக்களில் தங்கியிருக்கிறவர்களை, இங்கே நம் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் அங்கே சென்னையிலும், இத்தனை வருஷமாக நடந்து நடந்து நீ எடுத்த படங்கள் அதில் வருகின்றன. அட்டையில், வடக்கேயிருந்து பிழைக்க வந்து எதிர்வீட்டில் தங்கியிருந்த ரஞ்சனின் படம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கண் மூடிக் கிடக்கிறான், மேலே குனிந்திருக்கும் அவன் மனைவி மினதியின் முகம் கண்ணாடியில் விழுந்து அவன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிகிறது. எல்லோரும் அந்தப் படத்தைத்தான் கேட்கிறார்களாம். புத்தகம் போடுகிறவர்கள் மினதியிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்களாம். “அம்மா, நான் கூப்பிட்டா அவ போன எடுக்க மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்பா” என்றாய்.

ரஞ்சன், மினதி என்று நான் எழுதுவது அவர்கள் பெயர் இல்லை. கடிதம் கை மாறிப் போகும். படமே போகும்போது கடிதம் போகாதா. அவர்களுடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார். மூன்று வாரம் இந்த வீட்டில் தங்கி எதிர்வீட்டை எடுத்தாய். ஒருவரையாவது பெயர் சொல்லி நீ கூப்பிட்டதை நான் கேட்கவில்லை. இந்தியில் அண்ணன் என்கிற மாதிரி எல்லோரையும் ‘பையா’ என்றாய், அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

உன்னைக் குற்றம் சொல்ல உட்கார்ந்தவள் என்னைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்.

நாங்கள் கொழும்பிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா அங்கே ஒரு கடையில் சாமான் கட்டுகிற வேலையில் இருந்தார். நீங்கள் முன்னால் போங்கள், பின்னால் வருகிறேன் என்று அம்மாவையும் என்னையும் தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டார். அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரி. நான் ‘கதைக்கிறேன்’ என்று வாய் தவறிச் சொன்னால் குழாயடியே சிரிக்கும். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அப்போது சொந்தமாகத் தோணிகள் ஓடின. அந்த வீட்டு அம்மாளை ஊரே மைனி என்றுதான் கூப்பிடும். பழைய நங்கூரமும் கயிறும் போட்டுவைக்கும் கொட்டிலை எங்களுக்குக் காட்டி, “ஏளா சிலோன்காரி, இங்கன கெடங்க. வீட்டு வேலைக்குப் பொழுது விடியுமுன்ன வந்துரணும்” என்றாள். அந்தக் கொட்டில்தான் பிறகு ஓட்டை எடுத்துவிட்டு, தகரம் போட்டு, அறை ஆனது. மினதி இருந்த அறை.

அந்த வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மைனியின் தம்பி மதுரையிலிருந்து ஒரு கேமராவோடு வந்திருந்தான். தேர் எடுத்தான், கப்பல் எடுத்தான், அப்புறம் கொட்டில் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா இடுப்புவரை நனைந்திருந்தாள். “அஞ்சு நிமிசம் நில்லுங்கய்யா, சேல மாத்திட்டு வாரேன்” என்றாள். டிரங்குப் பெட்டிக்குள் கொழும்பில் அப்பா எடுத்துக் கொடுத்த நீலச் சேலை ஒன்று இருந்தது, மடிப்பு கலையாமல். அவன் கையை ஆட்டி வேண்டாம் என்றான். மைனி பக்கத்தில் நின்று சொன்னாள்: “ஏளா, தலையக் கோதாத. அப்படியே நில்லு. அப்பத்தான் பாக்கப் பாவமா இருக்கும்.” அம்மா அப்படியே நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. மதுரையில் யார் வீட்டு ஆல்பத்திலோ என் அம்மா இன்னும் ஈரச் சேலையோடு நிற்கிறாள். மைனி செத்தபோது தெருவே போனது, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன். உன் அப்பா திட்டினார். இன்று என்றாலும் போக மாட்டேன்.

அப்பா பின்னால் வரவில்லை. அடுத்த வருஷம் கொழும்பிலேயே இறந்துபோனார். ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. கடிதத்தில் எல்லாம் இருந்தது, எந்தக் கல்லறை, எந்தச் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்தார் என்று. படம் இல்லை. உனக்குத் தெரியும், நம் ஆட்களில் சாவு என்றால் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று ஒரு படம் எடுக்காமல் தூக்க மாட்டார்கள். கப்பலில் போனவனும் வெளிநாட்டில் இருப்பவனும் வந்து முகம் பார்க்க முடியாது, அவனுக்காக எடுப்பது அது. அப்பாவுக்கு அப்படி எடுக்க அங்கே ஆள் இல்லை. அம்மா அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து தோணி வந்தால் கரைக்கு ஓடுவாள். “மொகம் எப்படி இருந்துச்சு, வாடியிருந்துச்சா, தாடி எடுத்துருந்தாவளா” என்று முன்பின் தெரியாத ஆளிடமெல்லாம் கேட்பாள். சாகும்வரை கேட்டாள். படம் எடுக்காமல் ஒரு சாவைத் தூக்க நான் விடாதது அதனால்தான்.

இனி உன்னிடம் வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் உன் அப்பா மாலத்தீவிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்தார். நீ எடுத்த முதல் சுருளில் குழாயடியில் குடத்தோடு குனிந்திருந்த ஜெபமாலை அக்காள் விழுந்தாள். ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. ஸ்டூடியோவில் கழுவி வாங்கியதும் நீ தெருவெல்லாம் காட்டினாய். அவள் வந்து வாசலில் நின்றாள். சண்டைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். “எக்கா, அந்தப் படத்தக் கிழிச்சிரச் சொல்லுங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எம் மவன் எடுத்தா ஒன் அழகு கொறஞ்சா போச்சு? பெரிய மகாராணி” என்றேன். கேட்டுக்கொண்டு நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஈரச் சேலையோடு நின்ற என் அம்மாவை எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் எனக்குச் செய்ததெல்லாம் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது, நான் செய்தது மட்டும் அன்று நழுவிப் போயிற்று. ஜெபமாலை அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பக்கம்தான் நியாயம். அன்று அந்தப் படத்தை நான் உன் கையாலேயே கிழிக்கவைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

போன வருஷம் நீ வந்து தங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்புவாய், மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வருவாய். நான் ஜன்னலை விரியத் திறந்து, “இங்கன நின்னு எடு, முற்றம் முழுசும் விழும்” என்று இடம் காட்டினேன். பெரிய வீட்டுக் கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறை அறையாக விட்டிருப்பதையும், தேக்குத் தூணில் கயிறு கட்டிச் சட்டை காயப்போட்டிருப்பதையும், மைனியின் பூசை அறையில் நாலு பேர் அடுப்பு வைத்து ரொட்டி சுடுவதையும் நீ எடுத்தபோது எனக்குள் ஒரு குரூரச் சந்தோஷம்கூட இருந்தது. பார்த்தாயா மைனி, உன் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று. உன்னை ஏவிவிட்டதில் என் பழைய கணக்கும் இருந்தது.

ஆனால் நீ லேப்டாப்பில் காட்டிய படங்களைப் பார்த்து நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “ஏலே, ஏன் ஒருத்தனும் சிரிக்கல?” என்றேன். நீ சிரித்துவிட்டு, “அது அப்படித்தாம்மா, உள்ள இருக்கிற சோகம் தெரியணும்” என்றாய். மகனே, நான் அந்த வீட்டுக்கு எதிரே இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறவள். அவர்களைப்போலச் சிரிக்கிறவர்கள் இந்தத் தெருவில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கிரிக்கெட் ஆடி ஓட்டை உடைப்பார்கள். மீன்காரி செல்வராணி அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கெட்ட வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை அவர்கள் அண்ணாச்சி கடையில் போய்ச் சொல்வதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். ரஞ்சன் எனக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுக்கும்போதெல்லாம், “மவுசி வெயிட்டா, சிலிண்டர் வெயிட்டா” என்று கேட்பான். மவுசி என்றால் அவர்கள் ஊரில் சித்தி. மினதிதான் முதலில் அப்படிக் கூப்பிட்டாள். இறால் கம்பெனியில் தோல் உரித்துவிட்டு விரல் வெளுத்துப்போய் வருவாள், இந்த மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து என் விரலையும் தன் விரலையும் பக்கத்தில் வைத்து, எது கிழவி விரல் என்று கேட்பாள். இதெல்லாம் உன் படத்தில் இல்லை.

அந்தக் கூலிங் கிளாஸ் விஷயம். மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை. நீ வந்த முதல் வாரம். ரஞ்சன் சந்தையில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, அண்ணாச்சி மகனுடைய மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். “பாய், ஒரு போட்டோ. அம்மாவுக்கு அனுப்பணும்” என்றான். பாய் என்றால் அவர்களுக்கு அண்ணன். நீ சிரித்த முகத்தோடுதான் சொன்னாய்: “போஸெல்லாம் வேண்டாம் பையா. நீங்க ஒங்க வேலையப் பாருங்க, நான் எடுத்துக்கிடுதேன். இயல்பா இருந்தாத்தான் நல்லாருக்கும்.” அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சேலை மாற்ற அஞ்சு நிமிஷம் கேட்ட என் அம்மாவுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் சொல். இரண்டு பேரும் தங்கள் வீட்டு ஆள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அப்படி ஒரு முறை நிற்க ஆசைப்பட்டார்கள். அன்று ஜன்னலில் இருந்து நான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘எடுத்துக் கொடுலே’ என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. உன் தொழிலில் தலையிடக் கூடாது என்று பெருமையாக இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவனுக்கு மஞ்சள் காமாலை. நாட்டு மருந்து என்று மூன்று நாள் போக்கிவிட்டு, நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. ஊருக்கு அவ்வளவு தூரம் உடம்பைக் கொண்டுபோக முடியாது, சாயங்காலமே இங்கே எரித்துவிடலாம் என்று வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி சொல்லிவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்கு நான்தான் ஆள் அனுப்பினேன். முற்றத்தில் வைத்தார்கள். அவர்கள் ஊர்க்காரர்கள் ஓரமாக நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அங்கே ஒரு தாய் இருக்கிறாள், அவள் முகம் பார்க்கப் போவதில்லை. தோணிக்கரையில் ஓடிய என் அம்மாதான் கண்ணில் வந்தாள். நான் இங்கிருந்தே சத்தம் போட்டேன்: “ஏலே, கேமராவ எடுத்துட்டு வா.”

நீ வந்ததும் மினதி என்னைப் பார்த்தாள். சேலையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, “போட்டோவா மவுசி?” என்றாள். “எங்க வழக்கம்ளா இது. ஊர்ல ஒம் மாமியா மொகம் பாக்க வேண்டாமா. தலமாட்டுல நில்லு” என்றேன். அவளுக்கு அது வழக்கமா இல்லையா, பிடித்ததா பிடிக்கவில்லையா, நான் கேட்கவில்லை. என் வேதம் வேறு, அவள் வேதம் வேறு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என் துக்கத்தின் அளவுக்குத் தைத்த சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். நீ எடுத்தாய். ஒன்று எடுத்தால் போதும், நீ ஏழெட்டு எடுத்தாய்.

திருப்பூரில் வேலை செய்யும் ரஞ்சனின் தம்பி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். அவனும் மினதியும் இங்கே நம் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினார்கள். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். போனில் சொன்னால் விழுந்துவிடுவாள், பிடிக்க ஆள் இல்லை. அதனால் சொல்ல வேண்டாம், சாம்பலை எடுத்துக்கொண்டு நேரில் போய், அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். ஊர்க்காரப் பையன்களிடம் எல்லாம் போய், ஊருக்கு யாரும் போன் செய்துவிடாதீர்கள் என்று மினதி ஒவ்வொருவன் கையையும் பிடித்துக் கேட்டாள். அவர்கள் ஒருவரும் செய்யவில்லை. நீ அப்போது இதோ இந்த நாற்காலியில் இருந்தாய். காதில் விழாமல் இருக்காது. ஆனால் நீ கேமராவுக்குப் பின்னால் உள்ள சின்னக் கண்ணாடியில் அந்தப் படத்தையே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர்கள் சாயங்கால ரயிலில் போனார்கள். போகும்போது மினதி என் காலைத் தொட்டாள். நான் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். அதே சாயங்காலம் நீ படத்தை இன்டர்நெட்டில் போட்டாய். மறுநாள் காலையில் எனக்குக் காட்டினாய். எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள், எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள் என்றாய். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பால்காரனிடம் சொன்னேன். அண்ணாச்சி கடையில் சொன்னேன். ஒன்றரை நாள் பெருமையாக இருந்தேன்.

சென்னையில் இறங்கி வேறு ரயில் மாறி, அங்கே இறங்கி பஸ் பிடித்து, மூன்றாம் நாள் மினதி ஊர் போய்ச் சேர்ந்தாள். தெரு முனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டதாம். ரஞ்சனோடு படித்த எவனோ ஒருவன் எங்கோ போனில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். பதறிப்போய்க் கொண்டுபோய் அவன் அம்மாவிடமே காட்டியிருக்கிறான், இது ரஞ்சன்தானே என்று. அந்தக் கிழவி தன் மகன் செத்ததைப் பக்கத்து வீட்டுப் பையன் போனில், வாசலில் நின்றபடி தெரிந்துகொண்டாள். படத்துக்குக் கீழே யார் யாரோ போட்ட இதயமும் கைகூப்பலும் இருந்ததாம். அவளுக்கு அது என்னவென்று தெரியாமல், இதெல்லாம் என்ன என்று கேட்டாளாம். மூன்று நாளாக மினதி மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ரயிலை உன் படம் முந்திவிட்டது.

அவள் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். அவள், “மவுசி, அந்தப் போட்டோ எனக்கு எடுத்தீங்கன்னு நெனச்சேன்” என்றாள். அவ்வளவுதான். உன்னிடம் அன்றே சொன்னேன். நீ சங்கடப்பட்டாய், படத்தை அதிலிருந்து நீக்கிவிட்டாய். ஆனால் அதற்குள் அது உன் கையைவிட்டுப் போயிருந்தது. நீயும் அதை முழுசாகக் கைவிடவில்லை, இப்போது அட்டைக்கு வந்திருக்கிறது. “அந்தப் படத்தால அந்த ஆட்கள் படுத பாடு நாலு பேருக்குத் தெரியும்மா” என்கிறாய். தெரியட்டும். தெரிய வேண்டியதுதான். ஆனால் முதலில் தெரிய வேண்டியவள் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு முறையும் இருந்தது. அதை நாம் இரண்டு பேரும் கெடுத்தோம். நான் கூப்பிட்டேன், நீ போட்டாய்.

உன் அப்பாவின் பெட்டிப் படம் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது அல்லவா. தோணி தோணியாகத் தண்டலாக, அதற்குத் தலைவனாக நின்று ஓட்டிய மனுஷன் கடைசியாகப் படுத்திருக்க, நான், உன் தங்கை, சித்தப்பாமார், மருமக்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறோம். தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமையாக இருக்கும். அது மூத்தமகன் நிற்க வேண்டிய இடம். ஸ்டூடியோவில் இருந்து ஆள் வந்திருந்தான், நீ அவனை நிறுத்திவிட்டு நானே எடுக்கிறேன் என்றாய். நல்லாத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் உன் அப்பாவுக்கு மகனே இல்லாத மாதிரி இருக்கிறது அந்தப் படம். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, உள்ளுக்குள் வைத்திருந்தேன். எனக்கு எடுக்கும்போது ஸ்டூடியோ ஆளைக் கூப்பிடு. நீ கையை வீசிக்கொண்டு வந்து தலைமாட்டில் நில்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மினதியிடம் நான் கேட்க மாட்டேன். ஏன் என்றால் நான் கேட்டால் அவள் போட்டுவிடுவாள். அன்று தலைமாட்டில் நில் என்றதும் நின்றவள்தானே. இரண்டாம் தடவை அவளை நான் நிற்கவைக்க மாட்டேன். அந்தப் படத்தை அட்டையிலிருந்தும் உள்ளேயிருந்தும் எடுத்துவிடு. எடுக்காவிட்டால் புத்தகம் இந்த வீட்டுக்குள் வர வேண்டாம். நான் எவ்வளவு நாள் பகை வைப்பேன் என்று மைனி விஷயத்தில் பார்த்திருக்கிறாய், பெற்ற பிள்ளை என்று விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட முடியாது என்று அவர்கள் சொன்னால் இந்தக் கடிதத்தைப் போட்டுக்கொள்ளச் சொல். பிழையைத் திருத்திக்கொள்ளட்டும்.

அதோடு முடியவில்லை. மினதி போன மாசம் கூப்பிட்டாள். பேச்சு பேச்சாக இருந்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மவுசி, அத்தை கேக்கறாங்க. அவர் கண்ணு திறந்த போட்டோ, பாய் கிட்ட ஒண்ணு இருக்கா?” அவர்களிடம் இருந்த போன் ஆஸ்பத்திரியில் தொலைந்துபோயிற்று, உனக்குத் தெரியுமோ என்னவோ. கிழவிக்கு மகனுடைய முகம் என்று இப்போது கண் மூடிய அந்த ஒன்றுதான் நிற்கிறதாம். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உன்னிடம் கேட்கக் கூசி இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

இருக்கிறது. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் நாளுக்கு மறுநாள், சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தெரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முடி வெட்டுகிறானே பீகார்க்காரன், அவனை நீ எடுத்தாய். ரஞ்சன் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தான். உன்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, முடிவெட்டுகிறவனுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்று உன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். நீ நிமிர்ந்து, “பையா, கொஞ்சம் தள்ளுங்க” என்றாய். ஆனால் அதற்கு முன்னால் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, நான் ஜன்னலில் இருந்தேன், கேட்டேன். அந்தப் படம் உன்னிடம் இருக்கிறது. ஆள் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான், கெட்டுப்போயிற்று என்று எங்கேயாவது ஒதுக்கிப் போட்டிருப்பாய். ஒதுக்கினதில் தேடு.

கிடைத்ததும் பெரிசாகப் போட்டு, நல்ல சட்டம் அடித்து எடுத்துக்கொள். போனில் அனுப்பாதே. தபாலிலும் வேண்டாம். மினதி போன வழியிலேயே போ, அதே ரயில், அதே பஸ். மூன்று நாள் ஆகும், ஆகட்டும். முன்கூட்டியே என் போனில் கூப்பிட்டு, வீட்டுக்குள் வரலாமா என்று மினதியிடம் கேட்டுக்கொள். வராதே என்றால் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பு. வா என்றால் போய் உட்கார்ந்து, அந்த அம்மாளிடம் அவள் மகன் பெயரை வாய் நிறையச் சொல்லி, சிலிண்டர் தூக்கினதைச் சொல், மவுசியைக் கேலி செய்ததைச் சொல். போகும்போது அந்தக் கேமராவை இங்கே என்னிடம் கொடுத்துவிட்டுப் போ, அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன். சட்டத்தைக் கையில் வாங்கிக் கண் திறந்திருக்கிற மகனைப் பார்க்கும்போது அந்தத் தாயின் முகம் எப்படி ஆகுமோ தெரியாது. எப்படி ஆனாலும் அதை நீ மட்டும் பார்.

அம்மா